பல்லவி வருகிறது, சரணம் வருவதில்லை. பாட்டை எப்படி முடிக்கிறீர்கள்?

ஒற்றைக்கம்பி கேட்டது:

வணக்கம். நானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, வீட்டிலேயே ரெக்கார்ட் செய்கிற ஆள். பகலில் வேறு வேலை. போனில் வாய்ஸ் மெமோவாகக் கிடக்கும் மெட்டுகளுக்குக் கணக்கு வழக்கே இல்லை, முக்கால்வாசி பல்லவியோடு நின்றவை. பல்லவி சொல்லும் மெட்டுமாக ஒரே மூச்சில் வந்துவிடும், அப்புறம் சரணத்துக்கு உட்கார்ந்தால் பல்லவியில் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருப்பேன். சில சமயம் வார்த்தை இல்லாமல் தத்தகாரமாகப் பாடும்போது அவ்வளவு நன்றாக இருக்கும் மெட்டு, வார்த்தை போட்டதும் சப்பென்று ஆகிவிடுகிறது, ஏன் என்றே புரியவில்லை.

முடிந்த பாட்டுகளும் சில உண்டு. அவையும் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கிற மிக்ஸிங்கிலேயே கிடக்கின்றன. மாதம் ஒரு சிங்கிளாவது, அதாவது தனிப்பாட்டாவது, விடவேண்டும், இல்லையென்றால் கேட்கிறவர்கள் மறந்துவிடுவார்கள் என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லிச் சொல்லி அதுவேறு பயமாக இருக்கிறது. தனியாகவே எல்லாம் செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "மனசிலிருந்து எழுதுங்கள்" மாதிரி பதில் மட்டும் வேண்டாம்.

தன்னானே பதில்:

வார்த்தை போட்டதும் மெட்டு சப்பென்று ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் கருத்து இல்லை, குறில் நெடில்தான். தன்னன்னா என்று பாடும்போது நீளமான சுரத்தில் தானாகவே 'னா' வந்து உட்காரும், வாய் திறந்திருக்கும். அதே இடத்தில் "நேற்று" என்று போட்டுப் பாருங்கள். கடைசியில் இருப்பது குற்றியலுகரம், பேச்சிலேயே பாதிதான் ஒலிக்கும், அதைப் போய் நாலு அட்சரம் இழுத்தால் "நேற்றூ" என்று காதில் விழும். "நேற்றே" என்றோ "நேற்றெல்லாம்" என்றோ மாற்றினால் அதே மெட்டு மூச்சு விடும். ஆ, ஏ, ஓ மாதிரி நெடில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ம், ன், ல் போல நீட்டிப் பிடிக்கக்கூடிய மெய்யாவது கடைசியில் வரட்டும். மேல் ஸ்தாயியில் நிற்கிற இடத்துக்கு இ, உ போட்டால் பலருக்குத் தொண்டை இறுகும், அங்கே ஆகாரம் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, குறிலை இழுத்தால் பொருளே மாறும். "என்னை விடு" என்று எழுதிவிட்டு அந்த 'வி'யை நீட்டினால் "என்னை வீடு" ஆகிவிடும், கேட்கிறவர் சிரிப்பார்.

இடத்தை அடைக்க "இங்கு", "என்றும்", "அன்று", "தான்" எல்லாம் எவ்வளவு வருகிறது என்று உங்கள் பழைய பாட்டுகளில் எண்ணிப் பாருங்கள். மெட்டுக்கு இரண்டு எழுத்து குறைகிறது என்று போட்டிருப்போம், பாட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. ஒரு படத்துக்கு எழுதுகிறவருக்கு மெட்டு கொடுத்தது கொடுத்ததுதான், அதற்குள் அடக்கியாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே! மெட்டும் உங்களுடையது. நல்ல வார்த்தை கிடைத்து அது உட்காரவில்லை என்றால் ஒரு சுரத்தை வெட்டுங்கள், இல்லை ஒன்றைக் கூட்டுங்கள். தனியாகச் செய்வதில் இருக்கிற பெரிய சௌகரியமே இதுதான், பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

இரவுச்சுருதி பதில்:

மேலே தன்னானே சொன்னதோடு சரணம் பற்றி மட்டும். பல்லவியில் முடிவைச் சொல்லிவிட்டால் சரணத்துக்கு வேலை இருக்காது. "நீ இல்லாமல் நான் இல்லை" என்று பல்லவி ஆரம்பித்தால் பாட்டு அங்கேயே முடிந்துவிட்டது, அப்புறம் எழுதுவதெல்லாம் விளக்கவுரை. எனக்கு உதவுவது, பல்லவி சொல்லப்படும் நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று முதல் சரணத்தில் எழுதுவது. யார் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, மணி என்ன, யாராவது கதவைத் தட்டினார்களா. உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட வேண்டாம், அதைப் பல்லவி பார்த்துக்கொள்ளும். இரண்டாம் சரணத்தில் காலத்தை நகர்த்துங்கள், அல்லது "நான்" என்று பேசியவரை நிறுத்திவிட்டு "நீ" பேசட்டும். இரண்டு சரணத்தையும் இடம் மாற்றிப் பாடினாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் இரண்டாவது சரணம் இன்னும் எழுதப்படவே இல்லை என்று அர்த்தம்.

முடிந்தால் மெட்டு இல்லாமல் உரைநடையாக ஒரு பக்கம் எழுதிவிட்டு அதிலிருந்து வரிகளைப் பொறுக்குங்கள். கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினால் விரல் பழகிய அதே நாலு கார்டுக்குத்தான் (சுரக்கூட்டுக்குத்தான்) போகும், வார்த்தையும் அதன் பின்னாலேயே போய்விடும்.

மோனோ பதில்:

மிக்ஸிங் விஷயம். முதலில் சும்மா பதிந்து பார்த்த டெமோவையே திரும்பத் திரும்பக் கேட்டால் அதன் குறைகள்கூடப் பழகி அழகாகத் தெரியும், சரியாகச் செய்த மிக்ஸ் அந்நியமாகத் தெரியும். அதனால் டெமோவைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். குறைந்த சத்தத்தில் மிக்ஸ் செய்யுங்கள், காது சீக்கிரம் களைக்காது, மெல்ல வைத்தும் குரல் புரிகிறது என்றால் குரலின் அளவு கிட்டத்தட்ட சரி. ஒரு முறை மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கேளுங்கள், இரண்டு பக்கமும் விரித்து வைத்த கிட்டார் காணாமல் போகிறதா என்று தெரிந்துவிடும்.

சத்தத்தை ஏற்ற லிமிட்டரைப் போட்டு நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டும் சுமார் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தப்படுகிறது, நீங்கள் -8இல் கொடுத்தால் அவர்கள் குறைத்துத்தான் ஒலிப்பார்கள், உங்கள் டிரம்ஸின் அடி போனதுதான் மிச்சம். மற்றபடி, பாடியது சரியில்லை என்றால் எந்த பிளக்இன்னும் காப்பாற்றாது, திரும்பப் பாடுவது வேகமான வழி.

கணக்குப்பிள்ளை பதில்:

மாதம் ஒரு சிங்கிள் என்பது யாரோ சொன்ன கணக்கு, அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். தேதியைப் பற்றிச் சொல்வதென்றால், ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் போடுகிற எடிட்டர்களுக்குப் பாட்டை முன்வைக்க வேண்டுமானால் வெளியாவதற்கு முன்பே அனுப்ப வேண்டும், குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் அந்தப் பாட்டே வரும். அவசரமாக நள்ளிரவில் ஏற்றுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

பணம்: ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடவில்லை என்றால் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி கிடையாது. அரைகுறையாகப் பத்துப் பாட்டு விட்டு ஒவ்வொன்றும் 300இல் நிற்பதைவிட, ஒன்றை ஒழுங்காக விட்டு அதையே பல மாதம் பாடிக்கொண்டிருப்பது மேல் என்பது என் கட்சி. ஸ்ட்ரீமை நம்பி வேலையை விடவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் பணம் வேறு வேறு வழியாக வரும். பாட்டைத் தளங்களில் ஏற்றி விநியோகம் செய்கிறவர்கள் வாங்கித் தருவது பொதுவாக ஒலிப்பதிவுக்கான பணம், படைப்புக்கானதை ராயல்டி வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினராகித்தான் பெற வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு தருவார்கள், அதைக் குறித்து வையுங்கள், நாளை விநியோகஸ்தரை மாற்றினால் அதே குறியீட்டோடு ஏற்றவேண்டும். பாட்டையே புதிதாகப் பாடிப் பதிந்தால் புதுக் குறியீடு.

வழிப்போக்கன் பதில்:

ஏன் முடிக்கவேண்டும்? ஒரு பல்லவி, இரண்டு சரணம் என்ற அச்சு யார் கேட்டது? 10 அங்குல 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும், பாட்டின் நீளம் அதற்கேற்ப ஒடுங்கியது, தட்டு போனபிறகும் பழக்கம் போகவில்லை. பல்லவி மட்டும் பலமாக இருந்தால் ஒன்றரை நிமிடப் பாட்டாக விடுங்கள். நடுவில் கிட்டார் வாசியுங்கள், அதே நாலு வரியை இரண்டாம் முறை மெல்லப் பாடுங்கள். சில மெமோக்கள் மெமோவாகவே கிடந்தாலும் குடி முழுகிவிடாது.

ஒற்றைக்கம்பி மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. தன்னானே சொன்னபடி ஒரு பாட்டை எடுத்துப் பார்த்தேன், "வந்து", "நின்று", "கண்டு" என்று வரிக்கு வரி குற்றியலுகரத்தில் முடித்து, அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு வரியை மாற்றியதும் அந்த இடம் திறந்துவிட்டது. சரணத்தை இன்னும் தொடவில்லை. கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரு சந்தேகம். முடிந்த பாட்டு ஒன்றில் நண்பர் பாஸ் கிட்டார் வாசித்தார், நடுவில் வரும் ஹம்மிங்கும் அவர் பாடிக் காட்டியது. காசு எதுவும் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை பதில்:

வெளியிடும் முன் பேசிவிடுங்கள் தம்பி. நீங்கள் போட்ட சுர வரிசையை அவர் அப்படியே வாசித்திருந்தால் வாசித்ததற்குச் சம்பளமோ ஒலிப்பதிவில் பங்கோ பேசலாம். ஹம்மிங் அவர் உருவாக்கிய மெட்டு என்றால் படைப்பிலேயே அவருக்குப் பங்கு கேட்க நியாயம் இருக்கிறது. இத்தனை சதவீதம் என்று இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதி, பாட்டின் பெயர், தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு மதிப்பு ஒன்றும் இல்லாத இப்போது இது பத்து நிமிட வேலை, ஒரு விளம்பரக் கம்பெனி கேட்டு வந்தபிறகு பத்து மாத வேலை.