கரைவலை இழுத்தால் மட்டும் அப்பாவுக்குக் கண் இருட்டியது

உப்புவெளியிலிருந்து ஒருவர்

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர், அதாவது இதயம் தானாகத் துடிக்காதபோது துடிப்புக் கொடுக்கிற மெஷின், வைத்து மூன்றாம் வருடம். நடந்தால் ஒன்றுமில்லை, படியேறினாலும் இல்லை. கரைவலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் மட்டும் கண் இருட்டும். ஒருநாள் மணலிலேயே சரிந்துவிட்டார். ஓரிடத்தில் ஈசிஜி எடுத்துவிட்டு, "வெயில்தான் ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள். படுத்திருக்கிறவரின் ஈசிஜியில் கயிறு இழுக்கிற நேரத்துக் கோளாறு எப்படித் தெரியும்?

இரவு ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். மெஷினைப் பரிசோதித்த தம்பி பற்றரியைப் பார்த்தார், இதயத்துக்குப் போகிற வயரைப் பார்த்தார், எல்லாம் சரி. கயிற்றுக் கதையைச் சொன்னதும், "ஐயா, கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து நல்லா அழுத்துங்கோ" என்றார். திரையில் பொடிப்பொடியாக நடுக்கக் கோடுகள் வந்தன. அவை வந்த நேரமெல்லாம் பேஸ்மேக்கர் துடிப்புக் கொடுக்கவில்லை! மார்புத் தசை இறுகும்போது எழுகிற மின்சாரத்தை இதயத்தின் துடிப்பென்று நினைத்து அது சும்மா இருந்திருக்கிறது.

வயர் நுனிக்கும் மெஷினின் கூட்டுக்கும் இடையில் துடிப்பை உணரும்படி வைத்திருந்தார்களாம். கூடு இருப்பதோ மார்புத் தசையின் மேல். வயரிலேயே உள்ள இரண்டு முனைகளுக்கு இடையில் மட்டும் உணரும்படி கணினியில் மாற்றினார். கத்தி வைக்கவில்லை. உணர்திறனின் மில்லிவோல்ட் எண்ணையும் கொஞ்சம் கூட்டினார். எண் கூடினால் மெஷின் குறைவாக உணருமாம். எனக்கு அது தலைகீழாகப் பட்டது, அப்பாவுக்கு உடனே பிடிபட்டது: "வலைக்கண் மாதிரி. சின்னனென்றால் பாசியும் ஏறும், பெரிசென்றால் மீனே போயிடும்."

கிண்ணியாவிலிருந்து இன்னொருவர்

எங்கள் வாப்பாவுக்கு மீன் போன கதை. பேஸ்மேக்கர் வைத்த சில நாளிலேயே வயர் நுனி இடம் நகர்ந்துவிட்டது. இதயம் தானாகத் துடிப்பது மெஷினுக்குத் தெரியாமல், அதற்கு மேலும் துடிப்புக் கொடுத்தது. நெஞ்சுக்குள் யாரோ இடிக்கிற மாதிரி என்பார். உணர்திறன் எண்ணை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை, திரும்பத் திறந்து வயரைப் பொருத்தினார்கள்.

நிலாவெளியிலிருந்து மற்றொருவர்

அண்ணாவுக்கு இருப்பது, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷொக் கொடுக்கிற வகை. காரைஎலும்புக்குக் கீழே வயர் முறிந்து, அதில் எழுந்த மின் இரைச்சலை மெஷின் ஆபத்தான துடிப்பென்று எண்ணி, கதைத்துக்கொண்டிருந்த மனிதனுக்கு நாலு முறை அடித்தது. அவசரப் பிரிவில் மெஷினுக்கு மேல் ஒரு காந்தத்தை வைத்து ஒட்டினார்கள், ஷொக் நின்றது. பிறகு புது வயர். ஆனால் காந்தத்தை நீங்களாக வாங்கி வைக்கப் போகாதீர்கள். அது ஒட்டியிருக்கும் வரை உண்மையான ஆபத்து வந்தாலும் மெஷின் அடிக்காது. அதனால்தான் அண்ணாவை மொனிட்டரை விட்டு அசையவே விடவில்லை.