வரிப்பணத்தில் பல்கலைக்கழகம் எதற்கு?

கேள்வி: கொலுசுப் பட்டறைக்காரர், சேலம்

என் மகள் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்தான். வேலைக்கு ஆள் தயாரிப்பதைத் தனியார் கல்லூரிகளே செய்துவிடும்போது, மக்கள் வரிப்பணத்தில் பல்கலைக்கழகம் எதற்கு என்று உறவினர் ஒருவர் கேட்டார். அது தவறு என்று மனதுக்குப் பட்டதே தவிர, காரணம் சொல்லத் தெரியவில்லை. கல்லூரி வாசலையே மிதிக்காத என் போன்றவர்களுக்கு அது என்ன செய்ய வேண்டும்?

பதில்: மரவள்ளி விவசாயி, ஆத்தூர்

ஐயா, நானும் பத்தாம் வகுப்போடு நின்றவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மரவள்ளிக் காடுகளில் மாவுப்பூச்சி ஏறி, குருத்தெல்லாம் சுருங்கிப் போயிற்று. கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை. 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டு ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த அனாகைரஸ் லோபெசி என்னும் சின்னஞ்சிறு குளவியை, பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் அந்தக் குளவிக்கு வரப்பு தெரியாது. பணம் கட்டியவன் காட்டில் மட்டும் இறங்கு என்று அதற்குச் சொல்ல முடியாது என்பதால், அதை விற்று லாபம் பார்க்க எந்தக் கம்பெனியாலும் ஆகாது. அந்த வேலையைப் பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம்தான் செய்தாக வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர், ஏற்காடு

ஆத்தூர் நண்பர் சொன்னதில் ஒரு படி முன்னால் போகிறேன். அந்தப் பூச்சி எந்த இனம் என்று கண்டறிந்த பிறகுதான் எந்தக் குளவி வேண்டும் என்பதே தெரியும். பூச்சிகளை இனம் பிரிக்கும் படிப்புக்கோ வேலைவாய்ப்பு முகாம்களில் ஆள் கேட்பார் இல்லை. இன்று யாரும் விலை கொடுக்காத அறிவை, என்றோ ஒருநாள் தேவைப்படும் என்று பல பத்தாண்டுகள் காத்துவைப்பதே பல்கலைக்கழகத்தின் முதல் கடமை என்பேன்.

ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் வேறொரு மரபில் பிறந்தவை. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியதே ஒழிய, பாடம் நடத்தவில்லை. 1997இல் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வரும் வரை நம் பகுதிக் கல்லூரிகள் அதனுடன்தான் இணைந்திருந்தன. அரசு நல்கை குறையும் இடங்களிலெல்லாம் இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முக்கிய வருவாயாகிவிடுகின்றன. தேர்வுப் பிரிவு வளர, ஆய்வுத் துறைகளில் பேராசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. உங்கள் உறவினர் கண்டது இந்தச் சான்றிதழ் அலுவலகத்தை மட்டும்தான் என்பதால், அவர்மீது எனக்குக் கோபமில்லை.

கொலுசுப் பட்டறைக்காரர்:

நன்றி ஐயா. வெள்ளியை அமிலத்தில் போட்டு வெளுக்கும்போது எழும் புகையைத்தான் நானும் என் ஆட்களும் இருபது ஆண்டுகளாகச் சுவாசிக்கிறோம். அது எவ்வளவு கேடு என்று அளந்து சொன்னவர் எவருமில்லை. மகளின் கல்லூரியில் கேட்கலாமா?

பேராசிரியர், ஏற்காடு:

கட்டாயம் கேளுங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கும் முன்பே மகளுடன் போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள். பட்டறையில் பயன்படுத்தும் அமிலத்தின் பெயர், ஒரு நாளைக்கு ஆகும் அளவு, சன்னல்கள் எத்தனை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.