மறு: சர்வர் மைக்ரேஷனுக்குத் தமிழ்ச்சொல் – ‘மறுநடவு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பல கணினிகளுக்குப் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் நடுக்கணினிதான் சர்வர். அதில் இருப்பதை வேறொரு கணினிக்கோ இயங்குதளத்துக்கோ கொண்டுபோவதை ஆங்கிலத்தில் மைக்ரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: இடம்பெயர்வு, குடியேற்றம், பெயர்ச்சி, தளப்பெயர்ப்பு. ‘இடம்பெயர்வே போதும், புதிதாக எதற்கு’ என்று முதலில் எழுதியவன் நான். அதைத் திரும்பப் பெறுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி எழுதிய பதிலை இரண்டு முறை படித்தேன்.

> எங்கட பக்கத்தில இடம்பெயர்வு எண்டால் 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில ரோட்டில நிண்டது. அந்தச் சொல்லை ஒரு கணினிப் பெட்டிக்கு வைக்க எனக்கு மனம் வரேல்லை, அண்ணை.

தம்பி சொல்வது மனம் சார்ந்த காரணம் மட்டுமல்ல, பொருளும் அப்படித்தான். போரில் இடம்பெயர்ந்தவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு ஓடினார்கள். நம் வேலையிலோ ஒரு கோப்புகூட விடுபடக் கூடாது என்பதுதான் முதல் விதி. ‘குடியேற்றம்’ என்ற சொல்லும் இலங்கையில் அரசின் நிலக் குடியேற்றத் திட்டங்களைத்தான் நினைவுபடுத்தும். இரண்டையும் விட்டுவிடுவோம்.

‘பெயர்ச்சி’ தன்வினை. குருவும் சனியும் தாமாகப் பெயர்கின்றன, யாரும் தூக்கி வைப்பதில்லை. ‘தளப்பெயர்ப்பு’ இலக்கணப்படி சரி, மொழிபெயர்ப்போடு அழகாகவும் பொருந்துகிறது. ஆனால் அதை ஒரு கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தளம் என்றால் மாடியில் போட்ட காங்கிரீட், பெயர்ந்தது என்றால் காரை உதிர்ந்தது. கேட்டதும் முகம் மாறிவிடும்.

‘மறுநடவு’ என்ற என் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகம். ஏழு வடிவமைப்புக் கணினிகள், நடுவில் ஒரு பழைய சர்வர். அதில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்ற மைக்ரோசாஃப்ட் இயங்குதளம். அதற்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய பதிப்பு வாங்கினால் சர்வருக்கு ஒரு உரிமம், அதை அணுகும் ஒவ்வொரு கணினிக்கும் அல்லது ஆளுக்கும் தனி உரிமம். வடிவமைப்புக் கணினிகள் விண்டோஸிலேயே இருக்கட்டும், நடுவில் இருப்பதை மட்டும் டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்குக் கொண்டுபோகலாம், விண்டோஸ் கணினிகளோடு கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா என்ற மென்பொருள் இருக்கிறது என்று முடிவு செய்தோம். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் ஊர் அது. அதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

உரிமையாளருக்கு ஒரே பயம். “சர்வரை மாத்துறேன்னு சொல்றீங்க, மாத்திட்டா பழசெல்லாம் போயிடாதா?” அவர் கேட்டதில் தவறில்லை. ‘மாற்றுவது’ என்றால் பழைய டயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவதும் மாற்றுவதுதான். எது போகிறது, எது இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் வத்திராயிருப்புக்காரர், வீட்டில் நெல் வயல் உண்டு. “நாத்தைப் பறிச்சு வேற வயல்ல நடுற மாதிரிதான மொதலாளி? பச்சை பிடிக்கப் பத்து நாள் ஆகும்” என்றார். உரிமையாளர் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பயிர் அதே பயிர், மண்தான் வேறு. தரவும் பயனர் கணக்குகளும் எதை யார் திறக்கலாம் என்ற அணுக்க அனுமதிகளும் பயிர், இயங்குதளம் மண். நான் அரை மணி நேரம் பேசியது அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

‘நடவு’ என்று வைத்துக்கொண்டால் நாம் தனியாகத் தேடிக்கொண்டிருந்த சொற்களும் கூடவே வருகின்றன. புதிய சர்வரை ஓரமாக வைத்து ஒரே ஒரு கணினியை மட்டும் இணைத்து இரண்டு வாரம் சோதித்தோமே, அது நாற்றங்கால். பழையதை நிறுத்திப் புதியதைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை நடவுநாள். அதற்குப் பிறகு ‘பிரிண்டர் வரவில்லை’, ‘இந்த ஃபோல்டர் திறக்கவில்லை’ என்று போன் வந்துகொண்டிருந்த நாட்கள் பச்சை பிடிக்கும் காலம். வேலையை நிறுத்தி வைக்க வாடிக்கையாளர் அனுமதிக்கும் நேரத்துக்கு, விதைக்கும் பருவத்தைச் சொல்லும் ‘பட்டம்’ என்ற சொல்லை வைக்கலாமா என்றும் யோசித்தேன். பல்கலைக்கழகப் பட்டமும் காற்றில் பறக்கும் பட்டமும் குறுக்கே வருவதால் விட்டுவிட்டேன்.

ஓர் இடத்தில் இந்த ஒப்புமை நான் எதிர்பாராத ஆழத்துக்குப் போனது. ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரலை வைத்து மூன்று இரவுகளில் கோப்புகளை நகலெடுத்தோம். முதல் இரவில் பெரும்பகுதி, அடுத்த இரவுகளில் வித்தியாசம் மட்டும். எல்லாம் வந்தன, திருமண அழைப்பிதழ் கோப்புகள் சில மட்டும் வர மறுத்தன. ‘பெயர் மிக நீளம்’ என்று பிழைச்செய்தி. ஒரு கோப்பின் பெயர் இது:

மணமகள் வீட்டுத் திருமண அழைப்பிதழ் உள்பக்கம் தங்க மை இரண்டாம் திருத்தம் மாமா சொன்ன மாற்றத்துடன் இறுதி

விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு, இந்தப் பெயரில் நூறுதான். ஆனால் லினக்ஸில் வட்டில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை எழுத்தை எண்ணுவதில்லை, அதைச் சேமிக்கப் பிடிக்கும் பைட்டை எண்ணுகிறது. அங்கே எல்லை 255 பைட். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘க்’ என்பதே ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என 6 பைட். மேலே உள்ள பெயர், பின்னொட்டைச் சேர்க்காமலே 276 பைட். ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் ஊர்களில் இந்தச் சிக்கல் அநேகமாக வராது, அதனால் அவர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதும் இல்லை. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த வேலையைச் செய்யும் எல்லோரும் நீளமான பெயர்களை முன்கூட்டியே பட்டியலெடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் மறுபடியும் வந்தார். நாற்று நெட்டையாக வளர்ந்துவிட்டால் நுனியைக் கிள்ளித்தானே நடுவோம் என்றார். ஒத்துவராத பெயர்களைச் சுருக்கிச் சரிசெய்யும் அந்த வேலைக்கு என் குறிப்பேட்டில் ‘நுனி கிள்ளல்’ என்றே எழுதியிருக்கிறேன்.

இனி ‘மறு’ என்ற முன்னொட்டு. குழுவில் ஒருவர் கேட்டது:

> மறுதொடக்கம், மறுநிறுவல் போல ‘மறுநடவு’ என்றால் அழித்துவிட்டு மீண்டும் நடுவதாக ஆகாதா?

நியாயமான ஐயம். ஆனால் சாலை விரிவாக்கத்தின்போது மரத்தை வேரோடு எடுத்து வேறிடத்தில் வைப்பதை மறுநடவு என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன, வாசகர்களுக்கும் பழகிவிட்டது. இங்கே ‘மறு’ என்பது ‘மற்றோர் இடத்தில்’ என்றே நிற்கிறது. வெறும் ‘நடவு’ என்றால் முதன்முதலாகச் சர்வர் வைப்பதும் அதில் சேர்ந்துவிடும், அதற்கு ‘நிறுவல்’ என்ற சொல் இருக்கிறது. பேச்சில் சுருக்கி ‘நட்டாச்சா?’ என்று கேட்டுக்கொள்ளலாம், ஆவணத்தில் மறுநடவு என்றே இருக்கட்டும்.

இந்தச் சொல் எல்லா இடத்துக்கும் போகாது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி வந்த அறிவிப்பு பலருக்கு நினைவிருக்கும். சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் ஆதரவு 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடியும் என்றார்கள். சிறு நிறுவனங்கள் பல அதற்கு மாற்றாக வந்த அல்மாலினக்ஸுக்கும் ராக்கி லினக்ஸுக்கும் போயின. அப்போது பலரும் சர்வரை நகர்த்தவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலேயே ஒரு நிரலை இயக்கி, அடியில் இருந்த இயங்குதள மென்பொருள் தொகுப்புகளை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் அதுவும் மைக்ரேஷன்தான். தமிழில் அதை மறுநடவு என்றால் பொய்யாகிவிடும். செடி தொட்டியிலேயே இருக்க மண்ணை மட்டும் மாற்றுவது அது. ‘மண்மாற்று’ என்று தனிச்சொல் வைப்பதே சரி. செய்யும் வேலை வேறு, வரும் ஆபத்தும் வேறு. மறுநடவில் பழைய வயல் அப்படியே இருக்கும், தவறினால் திரும்பிப் போகலாம். மண்மாற்றில் திரும்ப இடமில்லை, முழுக் காப்புநகல் எடுக்காமல் தொடவே கூடாது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதால் நாமும் அடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தரவுத்தள அட்டவணையில் புது நெடுவரிசை சேர்ப்பதையும் நிரலாளர்கள் மைக்ரேஷன் என்கிறார்கள். அங்கே இரண்டு சொல்லும் பொருந்தாது. ‘அட்டவணை மாற்றம்’ என்று நேராகச் சொல்லிவிடலாம்.

சர்வருக்குத் தமிழ் வழங்கியா சேவையகமா என்ற வழக்கை இந்த மடலில் நான் திறக்கவில்லை.

தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் பக்கம் மரநடுகை, நாற்று நடுகை என்றுதானே வழக்கம்? ‘மறுநடுகை’ என்று நீங்கள் எழுதினால் எனக்கு முழுச் சம்மதம். சொற்பட்டியலில் இரண்டையும் ஒரே பதிவில் போடலாம். வரும் வாரம் மதுரையில் ஒரு கணக்கர் அலுவலகத்துக்கு இதே வேலை இருக்கிறது. அவர்களுக்குத் தரும் ஒப்படைப்புக் குறிப்பில் மறுநடவு, நாற்றங்கால், நடவுநாள் என்ற மூன்று சொற்களையும் விளக்கம் எதுவும் சேர்க்காமல் போட்டுக் கொடுக்கப் போகிறேன். எந்தச் சொல்லுக்கு ‘இது என்ன?’ என்று கேட்கிறார்கள் என்று பார்த்து அடுத்த மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து