வண்டலூர்ப் புலிக்கு ஒரு மாதச் செலவு: கைகொடுப்பீர்களா?

குடியிருப்பு நண்பர்களுக்கு வணக்கம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. விலங்கு அங்கேயேதான் இருக்கும். பராமரிப்புச் செலவு நம்முடையது. ஒரு புலிக்கு ஒரு மாதச் செலவை நம் குடியிருப்பு சார்பில் ஏற்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் புலி? கிளிக்கும் மானுக்கும் ஒரு குடும்பமே கொடுத்துவிடலாம். புலிக்குக் கிலோ கணக்கில் இறைச்சி, மருத்துவம், தினமும் கழுவிவிட வேண்டிய இரவுக் கூண்டு என்று செலவு நீளும். தனி ஆளால் முடியாது.

சர்க்கஸில் சிங்கம், புலிகளை வைத்து வித்தை காட்ட 1998இல் தடை வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படி மீட்கப்பட்டவற்றுக்கு அடைக்கலம் தந்த இடங்களில் வண்டலூரும் ஒன்று. கூண்டில் வளர்ந்ததைக் காட்டில் விட்டால் பிழைக்காது. ஆயுள் முழுக்க யாராவது தீனி போட்டாக வேண்டும்.

போன கோடையில், கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து காதை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த புலியைப் பார்த்தேன். அந்தத் தண்ணீருக்கும் நிழலுக்கும்கூட யாரோ செலவழிக்கிறார்கள்.

யாரையும் வற்புறுத்தவில்லை; முடிந்த தொகையைக் கீழே எழுதுங்கள். கணக்கு வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். முன்பு தத்தெடுத்தவர்கள் இருந்தால் நடைமுறையைச் சொல்லுங்கள். செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை என்பதால் புதன்கிழமை நேரில் போய் விசாரிக்கப் போகிறேன். உடன் வருபவர்கள் தெரிவியுங்கள்.