ஒரு 'ஆட்' விட்டுப்போன கதையும் சில சிசிஎன்ஏ அனுபவங்களும்

திருப்பூர்

சிசிஎன்ஏ என்ற சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வை எழுதியவன் நான்; படித்தது மெக்கானிக்கல். ஒரு பனியன் கம்பெனியில் கேமரா, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். புதுக் கேமராக்களுக்காக விலேன் 30, அதாவது கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குள் தனியாகப் பிரித்த ஒரு நெட்வொர்க், சேர்க்கச் சொன்னார்கள். பல விலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டுக்குள் போய் 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலேன் 30' என்று அடித்து எண்டர் தட்டினேன். அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் இரண்டு பக்கமும் நெட் போச்சு. 'விலேன்' என்பதற்கும் 30-க்கும் நடுவில் 'ஆட்' போட்டிருக்க வேண்டும். 30-ஐயும் சேர் என்று நான் நினைத்தேன். 30 மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று ஸ்விட்ச் எடுத்துக்கொண்டது. என் லேப்டாப்பிலிருந்தே அதை எட்ட முடியவில்லை. ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஓடினேன். அன்று ராத்திரிதான் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301, நேரம் 120 நிமிடம். முதல் முறை ஃபெயில். வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, தலையாட்டியே மூன்று மாதம் போயிருந்தது. தேர்வில் கமாண்ட் அடித்துச் செய்யும் ஒரு லேப் கேள்வியிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். நெக்ஸ்ட் கொடுத்தால் திரும்பி வர முடியாது என்பதால் விடவும் மனசில்லை. கடைசிக் கேள்விகளைப் படிக்கக்கூட நேரமில்லை.

இரண்டாம் முறைக்குத் தினமும் பத்து சப்நெட் (நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும்) கணக்கு, டெலிவரி சலான் பின்பக்கத்தில். 192.168.10.77/27 என்று வைத்துக்கொள்ளுங்கள். /27-க்கு மாஸ்க்கின் (துண்டின் அளவைச் சொல்லும் எண்) கடைசிப் பகுதி 224. 256-ல் அதைக் கழித்தால் 32. இனி பஸ் ஸ்டாப் மாதிரிதான்: 0, 32, 64, 96. 77 எந்த இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில்? 64-க்கும் 96-க்கும். துண்டின் பெயரான நெட்வொர்க் 64, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் 95, நடுவில் 30 பேர் உட்காரலாம். இது பதினைந்து விநாடியில் வந்த பிறகுதான் தேர்வுக்குப் பணம் கட்டினேன். பாஸ்.

மதுரை

அண்ணா, அந்த 'ஆட்' எனக்கும் நடந்திருக்கிறது, நல்லவேளை, கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் பேக்கெட் டிரேசர் சாஃப்ட்வேரில்! குழந்தை தூங்கிய பிறகு பத்து மணிக்குத்தான் என் லேப் திறக்கும். எனக்குத் தண்ணி காட்டியது, ஸ்விட்சுகளுக்குள் டேட்டா சுற்றிச் சுற்றி ஓடாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ. எல்லா ஸ்விட்சிலும் பிரியாரிட்டி 32768 என்றே இருந்தால், மேக் அட்ரஸ் (தயாரிப்பிலேயே பதித்த எண்) எதற்குக் குறைவோ அதுதான் ரூட், அதாவது தலைமை ஸ்விட்ச். பெரும்பாலும் அது பழைய ஸ்விட்சாக இருக்கும். எங்கள் ஆபீஸில் போய்ப் பார்த்தேன்: பேன்ட்ரி பக்கத்தில் தூசி படிந்து கிடந்த கிழட்டு ஸ்விட்ச்தான் மொத்தக் கட்டடத்துக்கும் ராஜா. அதற்கு அப்புறம் அந்தப் பாடம் மறக்கவில்லை.

இன்னொன்று. தேர்வுக்குப் பதியும்போது பெயரை அடையாள அட்டையில் இருப்பது போலவே கொடுங்கள். நம் ஊர் இனிஷியல் பிரச்சினைதான். ஒரு அட்டையில் 'ஆர்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. சென்டரில் கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். உள்ளே போகும்போது படித்த பாதி மறந்துபோச்சு. எழுதி அழிக்கும் பலகை கொடுத்ததும் முதல் வேலையாக சப்நெட் கணக்குக்கான 128, 64, 32 வரிசையை எழுதி வைத்தேன். அதுதான் உயிரைக் கொண்டுவந்தது.

சென்னை

நான் சொல்வது கொஞ்சம் வெட்கமான கதை. டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு) மனப்பாடம் செய்து பாஸ் ஆனவன் நான். ஒரு இன்டர்வியூவில் போர்டில் இரண்டு வரி எழுதினார்கள்: 10.1.0.0/16 ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி), 10.1.1.0/24 ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கற்ற வழி). 10.1.1.25-க்குப் போகும் பேக்கெட் எந்த வழியில்?

ஸ்டாட்டிக்குக்கு டிஸ்டன்ஸ் (வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) 1, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. குறைவானதுதான் ஜெயிக்கும் என்று கடகடவெனச் சொன்னேன். "சரி, அந்த /24-ஐ ஒருமுறை பாருங்களேன்" என்றார் அவர். பார்த்தேன். மறுபடியும் அதையே சொன்னேன்! முதலில் பார்ப்பது நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது / பக்கத்தில் இருக்கும் பெரிய எண்; இங்கே /24. டிஸ்டன்ஸ் எல்லாம் ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு வழி தெரியும்போதுதான் என்பது படி இறங்கும்போது உறைத்தது. வேலை கிடைக்கவில்லை.

சான்றிதழ் 3 வருடம்தான் செல்லும். என்னுடையது வருகிற மாசியில் முடிகிறது. இந்த முறை டம்ப் பக்கம் போகவில்லை, பேக்கெட் டிரேசர்தான். திருப்பூர் அண்ணன் கணக்கையே /28 வைத்துப் போட்டேன். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 79. சரிதானே?