புதுப்பிப்பு: பேஸ் கிட்டார் பேட்டரி சீக்கிரம் தீரும் பிரச்சினை

கேபிளைக் கழற்றி வைத்தாலும் என் ஆக்டிவ் பேஸில் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் சின்ன சர்க்யூட், இருக்கும் பேஸ் கிட்டார்) 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேனே, காரணம் கிடைத்துவிட்டது. ப்ரீஆம்ப் நன்றாகவே இருக்கிறது, கோளாறு ஜாக்கில், அதாவது கேபிளைச் செருகும் துளையில்.

இந்த வகை பேஸ்களில் பெரும்பாலும் ஜாக்தான் பேட்டரிக்கு ஸ்விட்ச். உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக், அதில் டிப், ரிங், கிரவுண்ட் (பொது இணைப்பு) என்று மூன்று முனைகள். பேட்டரியின் நெகட்டிவ் வயர் அதன் ரிங் முனையில் இருக்கும். சாதாரண கிட்டார் கேபிளின் மோனோ பிளக்கைச் செருகினால் அதன் நீண்ட ஸ்லீவ் (பிளக்கின் உலோகத் தண்டுப் பகுதி) ரிங்கையும் கிரவுண்டையும் இணைக்கும், ப்ரீஆம்ப் உயிர் பெறும். ஸ்டீரியோ கேபிளைப் போட்டால் பல பேஸ்களில் சத்தமே வராமல் போவதும் இதனால்தான். எனக்கு ஜாக் நட்டு தளர்ந்து, மொத்த ஜாக்கும் சுழன்று, ரிங் முனை கிரவுண்டைத் தொட்டபடியே நின்றிருக்கிறது. முனைகளைப் பிரித்து, நட்டை இறுக்கியதும் சரியாகிவிட்டது.

நட்டை முறுக்கும்போது உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வயர் அறுந்துவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கட்டாயம் கழற்றுங்கள். வால்யூமைக் குறைத்து வைத்தாலும் பேட்டரி தீர்வது நிற்காது.

அப்புறம், கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள். யாராவது மிதித்தாலும் இழுப்பு ஜாக்குக்குப் போகாது.