மார்புக் கட்டி, கிரேட் 2: செவ்வாய்க் கிளினிக்கில டொக்டரிட்ட என்ன கேக்க வேணும்?

எருவில்_பொடியன்:
அம்மாக்கு 58 வயசு. இடது மார்பில கட்டி. பயொப்சி ரிப்போர்ட்டில 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேட் 2' எண்டு கிடக்கு, மார்புப் புற்றுநோயாம். வாற செவ்வாய் மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில சேர்ஜனுக்குக் காட்ட வேணும். சனம் நிறைஞ்ச கிளினிக், அஞ்சு நிமிசம் கிடைச்சாலே பெரிய விசயம். சுகருக்கும் பிரஷருக்கும் குளிசை குடிக்கிறா. எதை முதல்ல கேக்கிற? அம்மாக்குச் சொல்லாமலே ஒப்பரேசனை முடிக்கேலாதா எண்டு அப்பா நிக்கிறார்.

வாவிக்கரை:
மனே, கிரேட் வேற, ஸ்டேஜ் வேற. மைக்ரோஸ்கோப்பில செல் எவ்வளவு மாறிக் கிடக்கெண்டு சொல்றதுதான் கிரேட், 1இல இருந்து 3 வரைக்கும். கட்டியின்ட அளவு, கக்கத்து நெறி, வேற உறுப்புக்குப் போயிருக்கா எண்டதெல்லாம் சேர்ந்தது ஸ்டேஜ். உங்கட கையில கிரேட் மட்டும்தான் இருக்கு. அதால முதல் கேள்வி: 'ஸ்டேஜ் தெரியுமா, தெரியாட்டி என்ன ஸ்கேன் எடுக்க வேணும்?'

மறுகா, 'ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 செய்தாச்சா?' அந்தப் பயொப்சிச் சதையில பாக்கிற டெஸ்டுகள் இது. முதல் ரெண்டும் ஹோர்மோன் ஏற்பி, ஹெர்2 ஒரு புரதம், அதுக்கு 0இல இருந்து 3+ வரைக்கும் புள்ளி. முதல் ரெண்டில ஒண்டு பொசிட்டிவ் எண்டாலும் ஹோர்மோன் குளிசை பெரும்பாலும் அஞ்சு வருசமாவது குடிக்க வேண்டி வரும். ஹெர்2 3+ எண்டா டிரஸ்டுசுமாப் ஊசி பற்றிக் கேளுங்க, அதுக்கு முன்ன இருதயத்துக்கு எக்கோ எடுக்க வேணும். 0, 1+ எண்டா அந்த ஊசி இல்ல. 2+ எண்டா இன்னும் முடிவாகல்ல, ஃபிஷ் எண்ட டெஸ்ட் செய்தாத்தான் தெரியும். 2+ஐ நெகட்டிவ் எண்டு நினைச்சிக் கொண்டு வீட்ட போற ஆக்கள் இருக்காங்க.

மூணாவது, 'ஒப்பரேசன் முதலா, கீமோ முதலா, ஏன்?' கீமோ முதல் எண்டா கட்டி சுருங்கி இடமே தெரியாமப் போகலாம். அதால உள்ளுக்கு அடையாளக் கிளிப் வைப்பாங்களா எண்டும் கேளுங்க. மார்பை வெச்சிக்கொண்டு கட்டிய மட்டும் எடுக்கிறதெண்டா பிறகு பெரும்பாலும் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்க வேணும். எங்க, எத்தனை நாள், தங்க வேணுமா எண்டத ஒப்பரேசனுக்கு ஒப்புக்கொள்ள முன்னமே கேட்டு வைங்க.

கல்லடிக்காத்து:
ஒருத்தரும் சொல்லாத ஒண்டு. வெட்டி எடுத்த சதையப் போத்தல்ல போட்டு, வெளி லாபுக்குக் குடுங்க எண்டு வீட்டாக்களிட்டத் தந்தா, வாங்கக்குள்ளயே பாருங்க: 10% ஃபோமலின் நிறைய இருக்கா? சதையப் போலப் பத்து மடங்கு வேணும். ஈ.ஆர்., ஹெர்2 பாக்கிற சதை அதுக்குள்ள 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72க்குக் கூடாமலும் ஊற வேணும். வெறும் சேலைன்ல கிடந்தா, இல்லாட்டி வெள்ளிக்கிழமை எடுத்தது திங்கள் வரைக்கும் வீட்டு மேசையில இருந்தா, உள்ளது இல்லையெண்டு ரிப்போர்ட் வரலாம். பெயர், பி.எச்.ட்டி. (வார்டு டிக்கெட்) நம்பர், இடதா வலதா, எடுத்த நேரம் எல்லாம் போத்தல்ட உடம்பில ஒட்டியிருக்க வேணும். மூடியில ஒட்டினா, மூடி மாறினதோட ஆளும் மாறிப் போகும்.

அந்தச் சதைய மெழுகில பதிச்சு வைக்கிற பிளாக் லாபில இருக்கும். வேற டொக்டர் திரும்பப் பாக்கக் கேட்டா ரிப்போர்ட் கொப்பி போதாது, பிளாக்தான் வேணும். லாப் நம்பரைக் கிளினிக் கொப்பியில எழுதி வைங்க.

அக்கரையூர்:
ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா அஞ்சு நிமிசத்துக்கு இது கூட. வாவிக்கரை சொன்ன மூணையும் பெரிய எழுத்தில ஒரு தாள்ல எழுதி டொக்டர்ட மேசையில வைங்க. மிச்சத்த மெடிக்கல் ஒபிசரிட்டயும் மிஸ்ஸியிட்டயும் (நர்ஸ்) கேக்கலாம்.

குளிசைப் பேரைச் சொல்லாம அட்டையோட கொண்டு போங்க. மெட்போமின் குடிக்கிறாவெண்டா, மருந்து ஏத்தி சீ.ட்டி. எடுக்க முன்னம் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்குப் பாக்கிற ரத்த டெஸ்ட்) பாத்து, நிப்பாட்டவா எண்டு கேளுங்க. ரத்தம் உறையாமக் குடிக்கிற அஸ்பிரின், குளோபிடொக்ரல் இருந்தா, ஒப்பரேசனுக்கு எத்தனை நாளுக்கு முதல் நிப்பாட்டிற எண்டு அவங்களே சொல்லட்டும், நீங்களா நிப்பாட்டாதீங்க. நாட்டு மருந்து, கசாயம் குடிச்சாலும் மறைக்காதீங்க.

கீமோ தொடங்கினா ஒரு கேள்வி முக்கியம்: 'ராவையில காய்ச்சல் வந்தா எந்த வார்டுக்கு வாற?' ஊசி போட்டு ஏழு முதல் பதினாலு நாளுக்குள்ள வெள்ளணு நல்லா இறங்கும். 38 பாகை காட்டினா விடியும் வரைக்கும் பாத்திருக்கக் கூடாது. அளக்காமப் பெனடோல் குடுத்தா காய்ச்சல் மறைஞ்சிடும், கிருமி உள்ள இருக்கும்.

அப்பாட கதை: சம்மதப் பத்திரத்தில கையெழுத்து வைக்கிறது அம்மாதான். என்னத்துக்கெண்டு தெரியாம வைக்கிற கையெழுத்து சம்மதமில்ல. டொக்டருக்குத் தமிழ் வராட்டி, தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸியக் கூப்பிடச் சொல்லுங்க. வீட்டாக்கள் மொழிபெயர்த்தா பாதிய விழுங்கிப் போடுவம்.

எருவில்_பொடியன்:
திரும்பப் பாத்தன். ஈ.ஆர். வரியில 'பின்னர் அறிவிக்கப்படும்' எண்டு கிடக்கு.

கல்லடிக்காத்து:
அப்ப செவ்வாய் வரைக்கும் நிக்காதீங்க. திங்கள் காலையில ரிப்போர்ட்டில இருக்கிற லாப் நம்பரோட போய், வந்திட்டா எண்டு கேளுங்க. வராட்டி எப்ப வரும் எண்ட திகதியக் கொப்பியில எழுதிக்கொண்டு போங்க. கிளினிக்கில முதல்ல அதத்தான் கேப்பாங்க.